வாக்கர் சகோதரிகள் வீட்டுக்குப் போய்வருவது எப்படி: ஸ்மோக்கி மலையில் ஒரு முழுமையான வழிகாட்டி

டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள், கார் போகாத ஒரு பள்ளத்தாக்கில், வாக்கர் குடும்பத்துச் சகோதரிகள் கடைசிவரை வாழ்ந்த மரவீடு நிற்கிறது. கேட்லின்பர்க், பிஜியன் ஃபோர்ஜ் பக்கம் லாங் வீக்கெண்டுக்கு வரும் நம்மவர்கள் பலர் இதைத் தேடிப் போகிறார்கள். சிலர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். சிலர் போய்ச் சேர்ந்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் வரிசை தப்புவதுதான். வீடு காலியாக இருக்கும். டிக்கெட் கவுண்டர் இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை, நின்று விளக்கிச் சொல்ல ஆளும் இல்லை. வழியில் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டு போனால்தான் அந்தக் காலி வீடு ஏதாவது சொல்லும். ஆகவே கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் ஊர்ப்பெயரைச் சரிபாருங்கள்

இந்த வீடு இருக்கும் பகுதி லிட்டில் கிரீன்பிரையர். இதே பூங்காவில் கிரீன்பிரையர் என்று இன்னொரு பகுதி இருக்கிறது. அது கேட்லின்பர்க்குக்குக் கிழக்கே, 321ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியது. நீங்கள் போக வேண்டியது மேற்கே.

போனில் "கிரீன்பிரையர்" என்று மட்டும் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பியவர்களுக்குக் காலைப்பொழுது முழுக்க வீணாகும். அங்கே இறங்கியபின் சிக்னலும் கிடைக்காது, தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

அதனால் மேப்பில் வீட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ போடாதீர்கள். "மெட்காஃப் பாட்டம்ஸ் பிக்னிக் ஏரியா" என்று போடுங்கள், நடை தொடங்குவது அங்கிருந்துதான். சுகர்லேண்ட்ஸ் பார்வையாளர் மையத்திலிருந்து லிட்டில் ரிவர் ரோட்டில் மேற்கே சுமார் 10 மைல். ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலை. பின் சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றும், வாந்தி வரும் என்றால் அவர்களை முன்னால் உட்கார வையுங்கள்.

2. பார்க்கிங் டேக்: முதல் நாளே முடித்துவிடுங்கள்

இந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் 2023 மார்ச் 1 முதல், உள்ளே எங்கே வண்டியை நிறுத்தினாலும் 15 நிமிடத்துக்கு மேல் என்றால் பார்க்கிங் டேக் வேண்டும். நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40.

இதில் மூன்று இடங்களில் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமாக 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' பாஸ் வைத்திருப்பவர்கள் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அந்தப் பாஸ் நுழைவுக் கட்டணத்துக்கானது. இங்கே நுழைவுக் கட்டணமே இல்லாததால் அதற்கு வேலையும் இல்லை.

டேக் ஒரு வண்டிக்கு ஒன்று, அந்த வண்டியின் நம்பருக்கு மட்டும். இரண்டு குடும்பம் இரண்டு வண்டியில் வந்தால் இரண்டு டேக். வாடகைக் கார் என்றால் சாவி கைக்கு வந்து நம்பர் தெரிந்தபின் வாங்குங்கள்.

ஆன்லைனில் வாங்கியவர்கள் அதை அச்செடுத்து வண்டிக்குள் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். போன் திரையில் காட்டுவது செல்லாது. நீங்கள் காட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும்போது சோதிக்க வருபவர் யாரிடம் போனைப் பார்ப்பார்? பிரிண்டர் இல்லையென்றால் போகும் வழியில் சுகர்லேண்ட்ஸ் மையத்தில் இறங்கி இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. போனில் ஏற்ற வேண்டியதும் பையில் வைக்க வேண்டியதும்

பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் சிக்னல் இல்லை. தேசியப் பூங்காத் துறையின் ஆப்பில் ஸ்மோக்கி மலையைத் தேர்ந்தெடுத்து ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஓட்டல் வைஃபையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

அதே கையோடு பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தையும், வாக்கர் வீடு திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2021இல் புகைபோக்கி அருகே விரிசல் கண்டு வீட்டையே மூடி வேலை பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டு மரவீட்டுக்கு அடிக்கடி வைத்தியம் தேவைப்படும். பூட்டியிருந்தால் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

பையில்: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, கொறிக்க ஏதாவது, ஒரு சின்ன டார்ச். டார்ச் எதற்கு என்று 8ஆம் படியில் சொல்கிறேன். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மழை திடீரென்று இறங்கும் என்பதால் மழைக்கோட்டை விடாதீர்கள்.

காலில் ஷூ. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதே விதிதான். "கொஞ்ச தூரம்தானே, செருப்பே போதும்" என்று கிளம்புபவர்கள் முதல் மரவேர் தடுக்கியதும் மனதை மாற்றிக்கொள்கிறார்கள். நீளமான பேன்ட் இன்னும் நல்லது. பாதையோரம் பாய்சன் ஐவி என்ற மூன்றிலைக் கொடி இருக்கும், பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். உண்ணியும் உண்டு.

நாயைக் கூட்டிப் போக முடியாது. பூங்காவில் இரண்டே பாதைகளில்தான் நாய்க்கு அனுமதி, இது அவற்றில் ஒன்றல்ல.

4. யார் வீட்டுக்குப் போகிறோம்: வண்டியில் சொல்ல வேண்டிய கதை

வரலாறு முழுக்கத் தேவையில்லை. காலி வீட்டுக்குள் நிற்கும்போது கைகொடுக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

ஜான் வாக்கர், மார்கரெட் ஜேன் தம்பதிக்கு 11 பிள்ளைகள். நான்கு மகன்கள், ஏழு மகள்கள். மகன்கள் கல்யாணமாகி வெளியேறினார்கள். மகள்களில் ஒருவர்தான் மணம் செய்துகொண்டார். மற்ற ஆறு பேர், மார்கரெட், பாலி, மார்த்தா, நான்சி, லூயிசா, ஹெட்டி, பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். தகப்பனார் 1921இல் இறந்தபின் ஆடு வளர்த்து, கம்பளி நூற்று, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்து வாழ்ந்தார்கள். நான்சி 1931இல் போனார்.

1934இல் இங்கே தேசியப் பூங்கா வந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போயின. மீதி ஐந்து சகோதரிகள் மசியவில்லை. கடைசியில் 1940களின் தொடக்கத்தில் சுமார் 122 ஏக்கரையும் 4,750 டாலருக்கு விற்றார்கள், உயிருள்ளவரை அங்கேயே இருக்கும் உரிமையோடு. ஆனால் மாடு மேய்க்க, மரம் வெட்ட, வேட்டையாடப் பூங்கா விதிகள் இடம்கொடுக்கவில்லை. வீடு மிஞ்சியது, பிழைப்பு போனது.

1946இல் ஒரு பெரிய வார இதழில் கட்டுரை வந்தபின் சுற்றுலாக்காரர்கள் படையெடுத்தார்கள். சகோதரிகள் அவர்களுக்கு ஆப்பிள் பணியாரம் பொரித்து விற்றார்கள். லூயிசா தன் கவிதைகளைக் கையால் எழுதி விற்றார். 1953இல் மார்கரெட்டும் லூயிசாவும் மட்டுமே மிஞ்சியிருந்தபோது, 'பார்வையாளர்கள் வரலாம்' என்ற பலகையைக் கழற்றிவிடும்படி பூங்கா அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்கள். வயதாகிவிட்டது, முடியவில்லை என்று. மார்கரெட் 1962இலும் லூயிசா 1964இலும் காலமானார்கள்.

இதை வண்டி ஓடும்போது குழந்தைகளுக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் நின்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

5. எந்த மாதம், எத்தனை மணி

காலை எட்டரைக்குள் மெட்காஃப் பாட்டம்ஸில் இருங்கள். கோடையிலும் அக்டோபரிலும் பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். நாட்டிலேயே அதிகக் கூட்டம் வரும் தேசியப் பூங்கா இது. சாலையோரம் எங்காவது சொருகலாம் என்று எண்ண வேண்டாம்.

மாதம் என்று கேட்டால், நான் மார்ச் கடைசியைச் சொல்வேன். எல்லோரும் சொல்லும் அக்டோபரைச் சொல்ல மாட்டேன். இலை இன்னும் துளிர்க்காததால் காட்டுக்குள் மறைந்திருக்கும் கல்சுவர்களும் பழைய வயல் மேடுகளும் தெளிவாகத் தெரியும். அக்டோபரில் வண்ண இலைகள் அழகு, ஆனால் நீங்கள் பார்க்க வந்ததை அதே இலைகள் மறைத்துவிடும்.

6. மெட்காஃப் பாட்டம்ஸ்: இங்கே செய்ய வேண்டிய மூன்று வேலைகள்

முதல் வேலை கழிப்பறை. வீட்டுக்குப் பக்கத்தில் அந்த வசதி கிடையாது.

இரண்டாவது, சாப்பாடு. புளியோதரை, தயிர்சாதம், சிப்ஸ் எல்லாம் வண்டியிலேயே பூட்டப்பட்ட நிலையில் இருக்கட்டும். இது கரடிகளின் காடு. பூங்காவில் கறுப்புக் கரடிகள் சுமார் 1,900 இருப்பதாகக் கணக்கு. அவற்றுக்கு மோப்பம் அபாரம். மேசையில் டப்பாவைப் பரப்பி இடம்பிடித்து வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை இங்கே காட்டாதீர்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதன் உயிருக்குத்தான் கேடு.

மூன்றாவது, இங்கிருந்து நடப்பதா, பள்ளிக்கூடம் வரை வண்டியில் போவதா என்று முடிவெடுப்பது. நடந்தால் போக வர மொத்தம் சுமார் 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டர். பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கினால் அதில் ஏறக்குறைய ஒன்றரை மைல் குறையும்.

முடிந்தால் நடங்கள் என்பேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் சரளைச் சாலை ஒற்றை வண்டி அகலம்தான், ஆனால் இரு திசையிலும் வண்டி வரும். எதிரே ஒன்று வந்தால் யாராவது ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். மேலே நிறுத்தும் இடமும் கொஞ்சம். குளிர்காலத்தில் சாலையையே மூடிவிடுவார்கள். பத்துப் பேர் ஏறும் வாடகை வேனில் அங்கே போவது வம்பை விலைக்கு வாங்குவது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் கைக்குழந்தையும் இருந்தால், சாலை திறந்திருந்தால், சின்னக் காரில் அதிகாலையிலேயே போய்விடுங்கள்.

7. பள்ளிக்கூடம்: தாண்டிப் போகாதீர்கள், இங்கேயே நிற்கவும் நிற்காதீர்கள்

ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் வலப்பக்கம் மெட்காஃப் பாட்டம்ஸ் டிரெயில் தொடங்குகிறது. முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு. ஓடையைக் கடக்க மரப்பாலம் வரும், காலையில் வழுக்கும். ஸ்ட்ரோலரை உருட்டுவது இந்தப் பகுதியில் கடினம்; குழந்தையை முதுகுப்பையில் சுமந்துகொள்ளுங்கள்.

பாதை முடிகிற இடத்தில் ஒரு மரக்கட்டிடம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம். லிட்டில் கிரீன்பிரையர் பள்ளிக்கூடம், 1882இல் கட்டியது. இதுதான் வாக்கர் வீடு என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புபவர்களை இங்கே வழக்கமாகப் பார்க்கலாம். உள்ளே பெஞ்சுகளைப் பார்த்தும் சந்தேகம் வருவதில்லை!

பதினைந்து நிமிடம் இங்கே செலவழியுங்கள். ஜான் வாக்கர் கட்டக் கைகொடுத்த பள்ளி இது. அவர் பிள்ளைகள் இங்கேதான் படித்தார்கள், இதுவே தேவாலயமாகவும் இருந்தது. முக்கியமான காரணம் வேறு: மரவீட்டின் மூலை எப்படிப் பூட்டப்படுகிறது என்று கற்றுக்கொள்ள இது நல்ல இடம். வெளிமூலையில் நின்று பாருங்கள். செதுக்கிய கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அமர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டையின் முனையும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். மேலே ஏற ஏறப் பாரம் அழுத்தி மூலையை இறுக்கும், ஆணி வேண்டாம். விழுந்த மழைநீர் அந்தச் சரிவில் வெளியே வடிந்துவிடும், உள்ளே தேங்கி மரத்தை அழுகவிடாது. இதைக் கண்ணில் பதித்துக்கொண்டு போனால் மேலே இருக்கும் வீட்டை நீங்களே படிக்கலாம்.

8. வீட்டுக்குப் போகும் பாதையும் பார்க்கும் வரிசையும்

பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கேட். அதன் அருகே தொடங்கும் லிட்டில் பிரையர் கேப் டிரெயில் பழைய வண்டிப்பாதை. அகலமானது, மெல்ல ஏறும். ஏறத்தாழ 1.1 மைலில் பாதை பிரியும். இடப்பக்கம் மலைக் கணவாய்க்கு ஏறுவது. வீடு வலப்பக்கம், இன்னும் கொஞ்ச தூரம்தான். பேச்சு மும்முரத்தில் இடப்பக்கம் ஏறிவிடுபவர்கள் உண்டு. பாதை திடீரென்று குறுகிச் செங்குத்தாக ஏறினால் வழி தப்பிவிட்டது என்று பொருள், திரும்புங்கள்.

போகும்போது பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நடங்கள். காட்டுக்குள் வரிசையாகக் கற்குவியல் இருந்தால் அது யாரோ உழுத நிலம். ஏரில் மாட்டிய கல்லைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கியிருக்கிறார்கள். மார்ச்சில் மரங்களுக்கு நடுவே மஞ்சள் டாஃபோடில் பூத்திருந்தால் அங்கே ஒரு வாசல் இருந்தது. அது தானாகக் காட்டில் முளைப்பதல்ல, வீட்டுப் பெண்கள் நட்டது. பறிக்கக் கூடாது, கிழங்கைத் தோண்டவே கூடாது. இதையெல்லாம் பார்த்தபின்தான் இது ஆளில்லாத காடாக இருந்ததில்லை, ஒரு ஊராக இருந்தது என்பது உறைக்கும்.

வீடு நிற்கும் வெட்டவெளியைக் கண்டதும் எல்லோரும் நேரே வீட்டுத் திண்ணைக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் ஊற்றுக் கொட்டகைக்குப் போங்கள். சின்ன மரக்கொட்டகைதான். மண்ணிலிருந்து வரும் குளிர்ந்த நீர் அதற்குள் ஓடும். பாலும் வெண்ணெயும் உள்ள ஜாடிகளை அந்தத் தண்ணீரில் இறக்கி வைப்பார்கள். இவர்களுக்கு அதுதான் ஃபிரிட்ஜ். ஏன் இதை முதலில் பார்க்க வேண்டும் என்றால், ஊற்று இருந்த இடம்தான் வீடு எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானித்தது. இங்கே நின்று வீட்டைத் திரும்பிப் பாருங்கள், குடம் தூக்கி நடக்கும் தூரம் எவ்வளவு என்று புரியும். தண்ணீரைக் குடிக்காதீர்கள். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காத காட்டுநீர் வயிற்றைக் கெடுக்கும்.

அடுத்தது சோளக் குதிர். நடுவில் கட்டைகளாலான அறை, மேலே அகலமாக நீட்டிய கூரை. கட்டைகளுக்கு இடையே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள், காற்றோட்டம் இல்லையென்றால் சோளம் பூஞ்சை பிடிக்கும். வீட்டுச் சுவரிலோ இதே இடைவெளியை மண்ணால் அடைத்திருப்பார்கள். ஒரே கட்டுமான முறை, எதைக் காக்கிறோம் என்பதைப் பொறுத்து நேரெதிராக வேலை செய்கிறது.

இனி வீடு. உள்ளே போகும் முன் ஒருமுறை சுற்றி வாருங்கள். உயரமான பகுதி வீடு, ஒட்டினாற்போலத் தாழ்ந்து நிற்பது சமையல்கட்டு. மூலைகளைப் பாருங்கள், பள்ளியில் கண்ட சாய்வு வெட்டு இங்கேயும் இருக்கிறதா என்று குழந்தைகளிடம் கேளுங்கள்.

உள்ளே இருட்டு. இப்போதுதான் டார்ச். கதவருகே ஒரு நிமிடம் நின்று கண் பழகியபின் நடங்கள். வெயிலிலிருந்து நேரே நுழைந்து நான்கு சுவரைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள்தான் "ஒன்றும் இல்லை" என்கிறார்கள். டார்ச்சைச் சுவருக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கோடரியும் வாச்சியும் பட்ட தழும்புகள் நிழல் கட்டித் துலங்கும். இந்தச் சுவர்கள் ஒரு காலத்தில் பத்திரிகைத் தாள்களால் ஒட்டப்பட்டிருந்தன, குளிர்காற்று நுழையாமல் இருக்க. சகோதரிகளின் கட்டில், ராட்டினம், பாத்திரங்கள் எல்லாம் பூங்காவின் சேகரிப்புக்குப் போய்விட்டன.

பிறகு அறையின் நடுவில் நின்று, 13 பேர் கொண்ட குடும்பம் எங்கெங்கே படுத்திருக்கும் என்று ஆளாளுக்கு இடம் பிரித்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு இதைவிடச் சுவாரசியமான விளையாட்டு அங்கே கிடையாது.

9. வீட்டுக்குள் செய்யக் கூடாதவை

பெயர் செதுக்காதீர்கள். ஏற்கெனவே செதுக்கியவர்கள் இருக்கிறார்கள், நீங்களே பார்ப்பீர்கள். இது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். விசாவில் இருப்பவர்கள் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டிய விஷயம்.

மேல்தளத்துக்கான வழி தடுக்கப்பட்டிருந்தால் ஏறாதீர்கள். சுவர் இடுக்கிலிருந்து விழுந்த மண், கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த ஆணி எதையும் நினைவுக்காக எடுக்காதீர்கள். அடுப்பில் தீ மூட்டக் கூடாது. திண்ணையில் உட்காரலாம், ஆனால் சாப்பிடாதீர்கள். உதிரும் பருக்கை எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். இந்தக் காட்டில் விஷமுள்ள பாம்பு இரண்டு வகை, காப்பர்ஹெட்டும் டிம்பர் ரேட்டில்ஸ்நேக்கும். கல்லடுக்கிலும் வீட்டடியிலும் கையை விடாதீர்கள்.

10. திரும்பும் வழி

அதே பாதைதான். இறக்கமாக இருப்பதால் பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள், ஓடவிடாதீர்கள். கரடி எதிர்ப்பட்டால் ஓட வேண்டாம். எல்லோரும் ஒன்றாகக் கூடி, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். 50 கஜத்துக்குள் நெருங்குவது சட்டப்படியே தவறு. வீடியோவுக்காக நான்கு அடி முன்னே வைப்பவர்தான் கூட்டத்தில் ஆபத்தானவர், கரடி இரண்டாவதுதான்.

பிக்னிக் பகுதிக்கு வந்தபின் புளியோதரையைப் பிரியுங்கள். மிச்சத்தையும் இலை, தட்டு எல்லாவற்றையும் கரடி திறக்க முடியாத தொட்டியில் போட்டு, மூடி சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள்.

11. நடக்கவே முடியாதவர்கள் கூட இருந்தால்

அவர்களை மெட்காஃப் பாட்டம்ஸில் ஆற்றோரம் உட்கார வைத்துவிட்டுப் போவதானால் துணைக்கு ஒருவரையும் விட்டுவிட்டுப் போங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் மூன்று மணி நேரம் தனியே இருப்பது வயதானவர்களுக்குக் கலக்கமாக இருக்கும்.

இல்லையென்றால் அந்த நாளை கேட்ஸ் கோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 11 மைல் ஒருவழிச் சுற்றுச்சாலை. பழைய வீடுகளையும் தேவாலயங்களையும் வண்டியில் இருந்தபடியே, அல்லது கொஞ்சம் நடந்து, பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை புதன்கிழமைகளில் அந்தச் சுற்றில் காருக்கு அனுமதி இல்லை, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமே. ஆகவே அம்மா அப்பாவோடு போவதானால் புதனைத் தவிர்த்து வேறு நாள் பாருங்கள்.